அந்நியபாஷை பேசாதவர்களுக்கு ஆவி இல்லையா?

கேள்வி: நான் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவள். திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டாரோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். என் மாமியார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அந்நியபாஷையில், அதாவது தாம் கற்காத, ஆவியானவர் தருவதாக நம்பும் பாஷையில், ஜெபிப்பவர். எனக்கு அந்த வரம் இல்லை. “ஆவியின் அபிஷேகம் பெறாதவள் இயேசுவின் வருகையில் கைவிடப்படுவாள்” என்று சபையில் சிலர் என் காதுபடவே பேசுகிறார்கள். பிறந்த ஊரில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, இதே காரணத்தால் இங்கே வகுப்பு தரவில்லை. என் அண்ணனோ, “பாஷை எல்லாம் அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டது, இப்போது நடப்பது நடிப்பு” என்கிறார். இதற்கிடையில் கோடை விடுமுறை முகாமுக்குப் போன என் 14 வயது மகள் பாஷை பேசியதாகச் சபையில் சாட்சி சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதுகொண்டே, “அக்கா சொல்லச் சொன்னதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன் அம்மா, பரிசுத்த ஆவியை ஏமாற்றிவிட்டேன், எனக்கு மன்னிப்பு இல்லை” என்றாள். இந்த வரம் இன்றைக்கு உண்டா, இல்லையா? மகளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புச் சகோதரி அவர்களுக்கு,

நீங்கள் மகளைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் அவளிலிருந்துதான் தொடங்குவேன். அண்ணனும் மாமியாரும் தங்கள் வழக்கை இன்னும் பத்து ஆண்டுகள் நடத்தலாம். அவள் இன்று இரவு நிம்மதியாகத் தூங்கவேண்டும்.

அவளை உட்காரவைத்து, மத்தேயு 12ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். மன்னிப்பில்லாத தூஷணம் என்று இயேசு சொன்னது யாரைப் பார்த்து? பிசாசு பிடித்தவன் ஒருவன் சுகமானதைக் கண்ணால் கண்டும், அது பெயெல்செபூலின் வேலை என்று சாதித்த பரிசேயரைப் பார்த்து. வெளிச்சத்தை வெளிச்சம் என்று தெரிந்தே இருள் என்று சொன்னவர்கள் அவர்கள். அதற்காக அழவும் இல்லை. சுற்றிலும் நாற்பது பேர் சத்தமிட, தலைமேல் ஒரு கை அழுத்த, “சொல்லு, இன்னும் வேகமாகச் சொல்லு” என்ற குரலுக்குக் கட்டுப்பட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டாள். தான் பாவம் செய்துவிட்டோமோ என்று அவள் கலங்குவதே, அவள் ஆவியானவரைப் பகைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. இதை அவளிடம் ஒருமுறை சொன்னால் போதாது. இரவில் மறுபடியும் பயம் வரும், மறுபடியும் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு அவளை மேடையில் ஏற்றி, “நான் பொய் சொன்னேன்” என்று சொல்லவைக்காதீர்கள். தூண்டியவர்கள் பெரியவர்கள். பிள்ளை ஏன் பலர் முன்னால் தலைகுனியவேண்டும்? நீங்களும் கணவரும் போய்ப் போதகரைத் தனியே சந்தியுங்கள். சண்டைக்காரராகப் போகவேண்டாம், பெற்றோராகப் போங்கள். முகாமில் ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் கூட்டம் எத்தனை மணிவரை நடந்தது, பிள்ளைகளுக்குச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தது யார், பாஷை வராத பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நல்ல போதகர் என்றால் இந்தக் கடைசிக் கேள்வியில் அவர் முகம் மாறும். “அல்லேலூயா” என்பதை நாக்குக் குழறும்வரை வேகமாகச் சொல்லவைத்து, குழறியதும் “வந்துவிட்டது” என்று கைதட்டும் பழக்கத்தைப் பெந்தெகொஸ்தே போதகர்கள் பலரே வெறுக்கிறார்கள். பரமபிதா கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பார் என்று லூக்கா 11இல் இருக்கிறது. கேட்பதற்கு முன் ஒத்திகை பார்க்கச் சொல்லி அங்கே இல்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி. இந்த வரம் இன்றைக்கு உண்டா? உண்டு என்பதே என் முடிவு. அது எல்லாருக்கும் வந்தே ஆகவேண்டிய அடையாளம் அல்ல என்பதும் என் முடிவு. முதல் பாதி உங்கள் அண்ணனுக்குக் கசக்கும், இரண்டாம் பாதி உங்கள் சபைக்குக் கசக்கும்.

அண்ணன் கையில் எடுப்பது 1 கொரிந்தியர் 13ஆக இருக்கும்: “அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்.” ஓய்ந்துபோகும் என்பதில் சந்தேகமில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. “நிறைவானது வரும்போது” என்கிறார் பவுல். அந்த நிறைவு புதிய ஏற்பாடு எழுதி முடிந்ததைக் குறிக்கிறது என்று ஒரு போதனை உண்டு. ஆனால் பவுல் நிறுத்தாமல் மேலே போகிறார்: “இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்.” வேதப்புத்தகம் நம் கையில் முழுதாக இருக்கிறது. ஆண்டவரை முகமுகமாய்ப் பார்த்துவிட்டோமா? அதே வசனத்தில் அறிவும் ஒழிந்துபோம் என்றிருக்கிறது. பாஷை ஓய்ந்தது, அறிவு மட்டும் பாக்கி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடுத்த அதிகாரத்தின் முடிவில், பாஷைகளால் அல்லோலகல்லோலப்பட்ட ஒரு சபைக்கே பவுல் எழுதுகிறார்: “அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்கும் தடைபண்ணாதிருங்கள்.” எங்கள் பழைய சபைகள் சௌகரியமாக மறந்துபோன வசனம் இது. ஆவியானவர் ஒரு ஞாயிறு ஆராதனையில் இறங்கினால், முறைமைப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று கேட்கக்கூடியவர்கள் நாங்கள்!

அண்ணன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சபைச் சரித்திரம் ஓரளவு அவருக்குத் துணை நிற்கிறது. லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியஸ் 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆவியினால் பலவித பாஷைகளைப் பேசும் சகோதரர்கள் சபையில் இருப்பதாக எழுதுகிறார். இருநூறு ஆண்டு கழித்து இதே கொரிந்தியர் பகுதிக்குப் பிரசங்கம் செய்த கிறிசோஸ்தோமோ, இவை இப்போது நடப்பதில்லை, அதனால் இந்தப் பகுதியே நமக்கு விளங்காமல் இருக்கிறது என்கிறார். அவர் காலத்தை ஒட்டிய அகஸ்தீனும், பாஷை ஆதிச்சபைக் காலத்துக்கு ஏற்ற அடையாளம், அது கடந்துபோனது என்று போதித்தார். இவர்கள் ஆவியானவரை அறியாதவர்கள் அல்லர். ஆனால், அருகிப்போன ஒன்றை ஆண்டவர் நிறுத்திவிட்டார் என்று சொல்ல வசனம் வேண்டும். அந்த வசனம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் மண்ணின் கதை ஒன்றும் உண்டு. பாஷை என்றதும் எல்லாரும் 1906ஆம் ஆண்டையும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களையும் சொல்வார்கள். அதற்கு நாற்பத்தாறு ஆண்டு முன்னால், 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அதன் நடுவில் இருந்தவர் அருளப்பன் என்ற தமிழர். மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு பழகி, மிஷன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்தவர். கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை உண்டாக்கியவர். தம் ஜனங்களில் சிலர் தரிசனம் கண்டதையும், அந்நியபாஷை பேசியதையும், அதற்கு அர்த்தம் சொன்னதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை, மைக் இல்லை, முகாம் இல்லை. ஊர் ஊராக ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள். பாஷை அதற்கு நடுவே வந்தது, அதுவே நோக்கமாக இருக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை: குரோவ்ஸ் பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். இன்றைக்குப் பாஷை ஓய்ந்துவிட்டது என்று அடித்துப் பேசுகிறவர்களில் முன்வரிசையில் நிற்பது அதே பிரதரன் சபைகள்தான். அண்ணன் அந்தப் பக்கம் சாய்ந்தவர் என்றால் இதை அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

எழுப்புதல் என்றாலே எல்லாம் பொன் என்று நினைக்கவும் வேண்டாம். 1870களில் திருவிதாங்கூரிலும் ஓர் எழுப்புதல் உண்டானது. அதில் எழுந்த யுஸ்துஸ் ஜோசப் என்ற வல்லமையான பிரசங்கியார் 1881இல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். வருடம் வந்தது, போனது. ஆவியின் வரங்கள் விளங்கும் இடத்திலும் மனிதர் சொல்வதை நிதானித்தே ஏற்கவேண்டும்.

உங்கள் சபையார் சொல்வது வேறு: பாஷை இல்லையென்றால் அபிஷேகம் இல்லை. 1901ஆம் ஆண்டு கன்சாஸ் மாகாணத்தின் டொபீகாவில், சார்ல்ஸ் பார்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில் இந்தப் போதனை உருப்பெற்றது. பரிசுத்த ஆவியின் ஞானஸ்நானத்துக்கு முதல் அடையாளம் அந்நியபாஷை என்று அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபைப்பிரிவு 1916இல் தன் விசுவாச அறிக்கையிலேயே எழுதிவைத்தது. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் அப்போஸ்தலர் நடபடிகள் 2, 10, 19 ஆகிய மூன்று அதிகாரங்கள். மூன்றிலும் பாஷை வருவது உண்மை. சமாரியாவைப் பற்றிய 8ஆம் அதிகாரத்தில் பாஷை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மாயவித்தைக்காரன் சீமோன் அந்த வல்லமைக்காகப் பணம் நீட்டும் அளவுக்கு எதையோ கண்டிருக்கிறான் அல்லவா என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெந்தெகொஸ்தே நாளன்றே ஞானஸ்நானம் பெற்ற மூவாயிரம் பேர் பாஷை பேசியதாக லூக்கா எழுதவில்லை. லீதியாள், பிலிப்பி சிறைச்சாலைக்காரன், எத்தியோப்பிய மந்திரி என்று யாரைப் பற்றியும் எழுதவில்லை. நடந்ததைச் சொல்லும் ஒரு சரித்திரத்திலிருந்து “எல்லாருக்கும் இப்படியே” என்று சட்டம் எடுப்பது துணிச்சல்.

பவுல் இதை நேராகவே கேட்டுவிட்டார்: “எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?” இல்லை என்பதே அவர் எதிர்பார்க்கும் பதில். அது சபையில் பேசும் வரத்தைப் பற்றியது, அபிஷேகத்தின் அடையாளம் வேறு என்று பெந்தெகொஸ்தே போதகர்கள் பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பிரிவினையைப் பவுல் எங்கும் செய்யவில்லை. அதே அதிகாரத்தில், நாம் எல்லாரும் ஒரே ஆவியினாலே ஒரே சரீரத்திற்குள்ளாக ஞானஸ்நானம்பண்ணப்பட்டோம் என்கிறார். எல்லாரும் என்றால் பாஷை பேசாத கொரிந்தியரும்தானே? அதிகாரத்தின் தொடக்கமோ இன்னும் தெளிவு: பரிசுத்த ஆவியினாலேயன்றி இயேசுவைக் கர்த்தர் என்று ஒருவனும் சொல்ல முடியாது. சகோதரி, நீங்கள் அப்படிச் சொல்கிறவர்தானே? வருகையில் கைவிடப்படுவீர்கள் என்று உங்கள் காதுபடப் பேசுகிறவர்களுக்கு, அதற்கு ஒரு வசனம்கூடக் கையில் இல்லை. வசனமில்லாத பயமுறுத்தலைச் சுமந்துகொண்டு திரியவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பெந்தெகொஸ்தே இயக்கம் இந்தியாவில் காலூன்றிய நாட்களிலேயே இந்த விவாதம் இருந்தது. 1905இல் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் உண்டாகி, பின்னால் அங்கிருந்த பெண்களில் சிலர் பாஷை பேசினார்கள். ரமாபாய் அதைத் தடுக்கவில்லை. எல்லாருக்கும் அது வந்தே ஆகவேண்டும் என்று நிர்ப்பந்திக்கவும் இல்லை. அவரோடு ஊழியம் செய்த மின்னி ஆப்ரகாம்ஸ் அம்மையாரும் அப்படியே. ஆல்ஃபிரட் கார் என்பவரின் கதை இதைவிடச் சுவாரசியமானது. அசூசா தெருவில் பாஷை பேசிய அவர், தமக்கு வங்காள மொழி அருளப்பட்டிருக்கிறது என்று நம்பி, மனைவியோடு கப்பலேறி 1907ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். மொழி கற்றுக்கொள்ளத் தேவையிருக்காது என்பது அவர் எண்ணம். ஜனங்களுக்கு அவர் பேச்சு விளங்கவில்லை. வேறொருவராக இருந்தால் விசுவாசத்தையே விட்டிருப்பார், அல்லது விளங்குவதுபோல் பாவனை செய்திருப்பார். கார் அங்கிருந்த மிஷனரிகளிடையே ஆங்கிலத்தில் ஊழியம் செய்தார். இந்த வரம் பிரசங்கத்துக்கு அல்ல, ஜெபத்துக்கும் துதிக்கும் உரியது என்று தம் போதனையைத் திருத்திக்கொண்டார். அனுபவத்தை மறுக்காமல், அதற்குத் தாம் கொடுத்த விளக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்ட அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணன் “நடிப்பு” என்கிறாரே, அதற்கும் ஒரு வார்த்தை. வில்லியம் சமரின் என்ற மொழியியலாளர் பாஷை பேசுகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். அதில் வரும் ஒலிகள் பேசுகிறவர் ஏற்கெனவே அறிந்த ஒலிகளிலிருந்தே வருகின்றன, மனித மொழிக்குரிய இலக்கண அமைப்பு அதில் இல்லை என்பது அவர் முடிவு. அதைப் பேசுகிறவர்கள் மனநோயாளிகள் என்று அவர் சொல்லவில்லை. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் ஐந்து பெண்களின் மூளை இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். பாட்டுப் பாடும்போது இருந்ததைவிடப் பாஷை பேசும்போது மூளையின் முன்பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. “நானாகப் பேசவில்லை” என்று அவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஐந்து பேர்தான், பெரிதாக எதையும் இதன்மேல் கட்ட முடியாது. ஆவியானவர் இருந்தாரா என்பதை எந்தக் கருவியும் காட்டாது. ஆனால் எல்லாரும் வேண்டுமென்றே நடிக்கிறார்கள் என்று சொல்வது அவசரத் தீர்ப்பு. எருசலேமில் பல தேசத்தார் தங்கள் தங்கள் பாஷையில் கேட்டது ஒன்று. கொரிந்துவில் ஒருவனும் அறியாதபடி, மனிதரிடத்தில் அல்ல, தேவனிடத்தில் பேசியது இன்னொன்று. இன்று நாம் காண்பதில் பெரும்பாலானது இரண்டாவதைப் போன்றது என்று நினைக்கிறேன்.

உங்கள் மாமியாரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். விடியற்காலை நான்கு மணி, சாட்சி இல்லை, கைதட்டல் இல்லை. தம் வார்த்தைகள் தீர்ந்துபோன இடத்தில் அவர் தேவனோடு பேசுகிறார். பவுலும் இதைக் குறைவாகப் பேசவில்லை. உங்கள் எல்லாரைவிடவும் நான் அதிகமாகப் பாஷைகளைப் பேசுகிறேன் என்று நன்றி சொன்னவர் அவர். அந்த ஜெபத்தை அண்ணன் முன்னிலையில்கூடக் கேலியாக்க இடம் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஒருநாள் அவரோடு எழுந்து, பக்கத்தில் தமிழிலேயே ஜெபியுங்கள். அத்தை பாஷையிலும் மருமகள் தமிழிலும் ஜெபிப்பதைக் கேட்க ஆண்டவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஆராதனையில் நடப்பது வேறு கணக்கு. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்லவேண்டும். அர்த்தஞ்சொல்லுகிறவன் இல்லாவிட்டால் சபையிலே பேசாமல், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன். இது பவுல் போட்ட ஒழுங்கு. மைக்கைப் பிடித்துக்கொண்டு போதகரும், கீழே இருநூறு பேரும் ஒரே சமயத்தில், அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் பாஷை பேசும் ஆராதனையை இந்த வசனங்களோடு எப்படிப் பொருத்துவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. “ஆவியானவர் வந்தால் அடக்க முடியாது” என்பது பதில் அல்ல. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. புதிதாக உள்ளே வருகிறவன் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்பானே என்று கவலைப்பட்டவர் பவுல்.

நீங்களும் இந்த வரத்தைக் கேட்கலாமா என்று எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விருப்பமிருந்தால் கேளுங்கள். வந்தால் வீட்டில் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் உங்களிடம் ஏதோ குறை என்று தேடாதீர்கள். அவனவனுக்குத் தமது சித்தத்தின்படியே ஆவியானவர் பகிர்ந்து கொடுக்கிறார். சபையில் இடம் கிடைப்பதற்காக மட்டும் கேட்கவேண்டாம். அந்த அவசரம் உங்கள் மகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்த்துவிட்டீர்கள்.

இதற்காகச் சபை மாறவேண்டுமா என்பது கணவரோடு பேசி நிதானமாக எடுக்கவேண்டிய முடிவு. முகாமைப் பற்றிப் போதகர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பார்த்தபின் எடுங்கள். பிள்ளையின் மனம் புண்பட்டதை அவர் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை ஒழுங்கு செய்வதாகச் சொன்னால் அந்தச் சபையில் தொடர்ந்து இருக்கலாம். “உங்கள் அவிசுவாசம்தான் பிள்ளையைக் கெடுத்தது” என்று உங்கள்மேலேயே திருப்பினால், மகள் மறுபடியும் அப்படிப்பட்ட முகாமுக்குப் போகவேண்டாம். அதில் மாமியார் மனம் வருந்தினாலும் நீங்கள் உறுதியாக இருக்கவேண்டும்.

ஓய்வுநாள் பள்ளி வகுப்பைப் பற்றியும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். யார் கற்பிக்கலாம் என்று விதி வைக்க ஒரு சபைக்கு உரிமை உண்டு, அதை மறுக்கமுடியாது. கேட்கும்போது வேதத்தை 1 கொரிந்தியர் 12:28இல் திறந்து அவர் முன்னால் வையுங்கள். அந்த வசனத்தில் போதகர்கள், அதாவது கற்பிக்கிறவர்கள், மூன்றாவது இடத்தில் இருக்கிறார்கள், பலவித பாஷைகள் கடைசியில் இருக்கின்றன. அவரே வாசிக்கட்டும்.